அயலாரும் ஆனந்தரும்

உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது என்பது நம் முன்னோர் சந்தையிலே கண்ட உண்மை. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது அவர்கள் வயலிலே கண்ட உண்மை. மாட்டுக்கும் பயிருக்கும் சொன்ன இவ்விரண்டு மொழிகளும் மனிதருக்கும் பொருந்துமா? அதிலும், இருபது வயதைக் கடந்து நிற்கும் நம்போன்ற இளைஞர் உள்ளத்தில் எழும் காதலுக்குப் பொருந்துமா? பக்கத்து வீட்டில் பத்தாண்டுகளாகப் பார்த்த முகம் நெஞ்சில் எந்த அலையையும் எழுப்புவதில்லை. எங்கிருந்தோ வந்து, வேற்று மொழி பேசி, வேறுவிதமாகத் தலைவாரி நிற்கும் ஒருவரைக் கண்டதும் பாடப்புத்தகம் தலைகீழாகத் தெரிகிறது! ஏன் இந்த மயக்கம்?

இக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்ட நான் ஒரு பெரியாரின் வரலாற்றில் போய் நின்றேன். அவர் கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி. அவர் வரலாற்றைச் சொல்லுமுன், நான் ஏன் அதைத் தேடினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் வெட்கக்கேடான கதைதான், ஆயினும் சொல்கிறேன்.

என் பொய்

என் ஊர் சிதம்பரத்துக்கு அருகே ஒரு சிற்றூர். நிலவியல் முதுகலை பயில்வதற்காகப் பெங்களூர் வந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. ஸ்ரீராம்புரத்தில் அத்தை வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறேன். அந்தப் பகுதியைத் தெரியாதவர் நம் சங்கத்தில் குறைவு. சந்துக்குள் சந்து, மாடிக்கு மேல் மாடி. ஒரு வாசலில் தமிழ், அடுத்த வாசலில் கன்னடம், மூன்றாவதில் இரண்டும் கலந்த ஒரு புதுமொழி! அந்நாளில் மில் வேலையை நம்பி வந்து குடியேறிய நம்மவர் பேரப்பிள்ளைகள் இன்று தலைக்குமேல் ஓடும் மெட்ரோ ரயிலில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். அந்த ரயிலில்தான் நானும் ஏறுகிறேன். ஊரில் நான் யார் கண்ணுக்கும் படாதவன். இன்னார் மகன், கணக்கில் கெட்டிக்காரன், கபடியில் சோடை என்று எல்லோரும் என்னை எடைபோட்டு மூட்டை கட்டிவிட்டார்கள். பெங்களூரிலோ நான் அயலான். என் கன்னடம் தடுக்கி விழுவதே சிலருக்கு வேடிக்கையாக இருந்தது. வேடிக்கை மெல்ல மெல்ல மதிப்பாயிற்று.

எங்கள் வகுப்பில் மல்லேசுவரத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்நகரமே. நான் சிதம்பரத்துக்காரன் என்று தெரிந்த நாள்முதல் அவள் என்னுடன் பேசத் தொடங்கினாள். ஒருநாள், நடராசர் ஏன் ஒரு காலைத் தூக்கி நிற்கிறார், காலடியில் கிடக்கும் குள்ளன் யார் என்று கேட்டாள். நண்பர்களே! நான் அந்தக் கோயிலின் கீழவீதியில் புளியோதரை தின்று வளர்ந்தவன். ஆருத்திரா தரிசனத்துக்கு ஆண்டுதோறும் தேர் பார்த்தவன். ஆயினும் எனக்கு விடை தெரியாது! தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. சோழ மன்னன் ஒருவன் வென்ற குறுநில அரசனே அந்தக் குள்ளன் என்று ஒரு கதையைக் கட்டி அவிழ்த்துவிட்டேன். அவள் விழிகள் விரிந்தன. அந்த விழிகளுக்காக இன்னும் நான்கு பொய்கள் சொல்லியிருப்பேன்.

பத்து நாட்கள் கழித்து அவள் ஒரு நூலைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அது ஆனந்த குமாரசுவாமியின் கட்டுரைத் தொகுப்பு. சிவநடனத்தைப் பற்றிய கட்டுரையில் ஒரு காகிதத் துண்டு செருகியிருந்தது. அன்றிரவு மாடியறையில் அதைப் படித்துக் கூசிப் போனேன். உடுக்கை படைப்பைக் காட்டும். அபயக்கரம் காப்பைக் காட்டும். தீ அழிப்பைக் காட்டும். ஊன்றிய பாதம் மறைப்பையும் தூக்கிய திருவடி அருளையும் காட்டும். குள்ளன் முயலகன், அறியாமையின் உருவம். அந்த அறியாமை அன்று என் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது!

என் வீட்டு வாசலில் இருந்த பொருளை, இங்கிலாந்தில் வளர்ந்த ஒருவர் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் யார்? எங்கிருந்து வந்தார்? இக்கேள்விகளே என்னை அவர் வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றன.

தந்தையின் கடற்பயணம்

அவர் கதை அவர் பிறக்குமுன்பே தொடங்குகிறது. தந்தை முத்து குமாரசுவாமி 1834-இல் பிறந்த ஈழத்துத் தமிழர், சைவர். இலங்கைச் சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக விளங்கியவர். கிறித்துவரும் யூதரும் அல்லாத ஒருவர் இங்கிலாந்தில் பாரிஸ்டராக ஏற்கப்பட்டது அவர் காலத்தில்தான். 1863-இல் அந்தக் கதவைத் திறந்தவர் அவரே. அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலமாக்கி அதே ஆண்டில் இலண்டனில் வெளியிட்டார். பாலி மொழிப் பௌத்த நூல்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1874-இல் சர் பட்டம் பெற்றார். இலண்டன் மாநகரின் பெரிய வீட்டு விருந்துகளில் அவர் விரும்பி அழைக்கப்பட்டார். பிற்காலத்தில் பிரதமரான டிஸ்ரேலி, தாம் முடிக்காமல் விட்ட நாவலொன்றில் அவரை மனத்தில் வைத்து ஒரு பாத்திரத்தையே படைத்தார் என்பர்.

எண்ணிப் பாருங்கள். அதே முத்து குமாரசுவாமி கொழும்புத் தெருவில் நடந்தால் அவர் இன்னாருடைய மகன், இன்னாருடைய மைத்துனன். இலண்டன் விருந்து மண்டபத்திலோ அவர் ஒரு புதிர், கீழைநாட்டின் ஒளி! கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கில நங்கை அவரை மணந்தார். 1870-களில் ஓர் ஆங்கில மாது ஓர் இந்துவை மணப்பது இரு நாட்டாருக்குமே புதுமை. கணவரோடு அவர் கப்பலேறி இலங்கைக்கு வந்தார். 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் கொழும்பில் ஆண்மகவு பிறந்தது. ஆனந்த கெண்டிஷ் குமாரசுவாமி என்று பெயரிட்டார்கள். கெண்டிஷ் என்பது தாயின் மாவட்டமாகிய கென்ட்டைக் குறிப்பது. ஒரே பெயருக்குள் யாழ்ப்பாணமும் கென்ட்டும் தோளோடு தோள் நின்றன!

ஆனால் அந்த இல்லறத்துக்கு ஆயுள் போதவில்லை. 1879-இல் தாய் குழந்தையுடன் இங்கிலாந்து சென்றார். பின்னர்ப் புறப்படவிருந்த தந்தை, கப்பலேற வேண்டிய அந்த நாளிலேயே, மே 4-ஆம் தேதி, காலமானார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தைந்து. குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தாய் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். கணவரின் நாட்டில் அயலாளாக வாழ்ந்தவர், தம் நாட்டில் ஒரு தமிழ்க் குழந்தைக்குத் தாயாக வாழத் தொடங்கினார். அயலவர்மேல் பிறக்கும் காதலை நாம் பாட்டாகப் பாடுகிறோம். அதற்குப் பின்வரும் ஆண்டுகளை யார் பாடுகிறார்கள்? தனியாக மகனை வளர்த்தெடுத்த எலிசபெத் அம்மையாரை நான் தலைவணங்குகிறேன்.

அக்குடும்பத்தில் இது தனி நிகழ்ச்சியும் அன்று. முத்து குமாரசுவாமியின் சகோதரி மகனே புகழ்பெற்ற சர் பொன்னம்பலம் இராமநாதன். அவரும் பிற்காலத்தில் ஹாரிசன் என்ற வெள்ளைக்கார மாதை இரண்டாம் மனைவியாக மணந்தார். அவ்வம்மையார் லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1913-இல் யாழ்ப்பாணத்தில் இராமநாதன் தொடங்கிய பெண்கள் கல்லூரிக்காக உழைத்தார்.

கல் தேடிய மகன்

ஆனந்தர் ஆங்கிலப் பள்ளியில் ஆங்கிலச் சிறுவர்களோடு வளர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900-இல் முதல் வகுப்பில் தேறினார். ஆம் நண்பர்களே, உலகம் கலையறிஞர் என்று கொண்டாடும் அவர், முதலில் என்போல் கையில் சுத்தியலோடு பாறையைத் தட்டியவர்! இதைப் படித்தபோது நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அவர் எழுதிய முதல் ஆய்வுகள் இலங்கையின் பாறைகளையும் பென்சில் கரியையும் பற்றியவை. தந்தையின் நாட்டை அவர் முதலில் காதலித்தது கற்களின் வழியாகத்தான்.

1902-இல் எதெல் மேரி பார்ட்ரிட்ஜ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். அவர் டெவன் மாவட்டத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் மகள். ஆசிரியப் பணி செய்தவர். இருவரும் இலங்கை வந்தார்கள். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறையின் தலைவராக ஆனந்தர் பணியாற்றினார். சப்பிரகமுவப் பகுதியில், மாணிக்கக் கற்களை அரித்தெடுக்கும் ஆற்று மணலில், கறுத்துக் கனத்த சிறு கனசதுரங்கள் சில அகப்பட்டன. ஆனந்தர் அவற்றை முன்பே தெரிந்த யுரேனியக் கனிமம் என்று கருதினார். இங்கிலாந்துக்கு அனுப்பிப் பகுத்துப் பார்த்தபோது, பெரும்பகுதியும் தோரியம் என்று தெரிந்தது. உலகம் அதுவரை அறியாத புதுக்கனிமம் அது! அதற்குத் தோரியனைட் என்று பெயர் வைத்தார் டன்ஸ்டன் என்ற வேதியியலறிஞர். ஆண்டு 1904. இரண்டாண்டுகளில் இலண்டன் பல்கலைக்கழகம் ஆனந்தருக்கு அறிவியல் டாக்டர் பட்டம் அளித்தது.

இந்நிகழ்ச்சியை நெஞ்சில் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்தது என்று எண்ணிக் கையில் எடுத்த கல்லே தெரியாததாக முடிந்தது. கட்டுரையின் கடைசியில் இந்தக் கல்லைத் திரும்பவும் கையில் எடுப்பேன்.

கலை கண்ட கண்

பாறை தேடி மலைநாட்டு ஊர்களுக்குப் போன ஆனந்தர், அங்கே பாறையை விட அரிய ஒன்றைக் கண்டார். கண்டி நாட்டுக் கொல்லர், தச்சர், குயவர், நெசவாளர், ஓவியர் ஆகியோரின் கைத்திறன் அது, கவனிப்பாரின்றி மங்கிக்கொண்டிருந்தது. உள்ளூர்ப் பணக்காரர் கப்பலில் வந்த மலிவுச் சாமான்களை வாங்கி வீட்டை நிரப்பினர். வெயிலுக்கு ஒவ்வாத கோட்டும் காலருமே நாகரிகம் என்று நம்பினர். இங்கிலாந்தில் வளர்ந்து, கோட்டணிந்து வந்த இளைஞரோ, நீங்கள் தூக்கி எறிவது பொன் என்று அவர்களுக்கு எடுத்துரைத்தார். சமூகச் சீர்திருத்தச் சங்கம் ஒன்றை நிறுவினார். இரவல் இறகு சூடுவதைக் கண்டித்து 1905-இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார்.

இங்கேதான் நம் கேள்விக்கு முதல் விடை கிடைக்கிறது. அயலவன் கண்ணுக்குப் பழக்கத்தின் தூசி படியவில்லை. கண்டிச் சிறுவன் தன் தாத்தா செய்த பித்தளை விளக்கைப் பார்க்கும்போது விளக்கைப் பார்ப்பதில்லை. அதைத் துலக்க வேண்டிய வேலையைத்தான் பார்க்கிறான். ஆனந்தர் விளக்கைப் பார்த்தார். அதனால், ஒரு புதியவர் நம்மைப் பார்க்கும்போது, நாமும் நம்மைப் புதிதாகப் பார்க்கிறோம். மல்லேசுவரத்துப் பெண்ணின் விரிந்த விழிகளில் நான் கண்டு மயங்கியது அவளை அன்று. அங்கே தெரிந்த என்னை! ஊரில் மூட்டை கட்டி மூலையில் வைக்கப்பட்ட நான், அவள் விழியில் தில்லைக் கூத்தனின் தூதனாக நின்றேன்.

ஆயினும் ஆனந்தருக்கும் எனக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அவர் மயக்கத்தோடு நிற்கவில்லை. அளந்தார், வரைந்தார், கேட்டார், எழுதினார். எதெல் அம்மையார் புகைப்படம் எடுத்தார். பூத்தையலையும் நெசவையும் ஆராய்ந்தார். அவ்வுழைப்பின் பயனாக இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908-இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் தாம் வாழ்ந்த பழைய வீட்டிலேயே, கவிஞரும் கைவினைப் பற்றாளருமான வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியைக்கொண்டு அதை அச்சிட்டார். மொத்தம் 425 பிரதிகள்.

1910-இல் இலண்டனில் ஒரு பூசல் எழுந்தது. இந்தியச் சிற்பத்தில் உயர்கலை என்று ஒன்று இல்லை என்று பேசிய பேர்ட்வுட் என்னும் பெரியவர், ஒரு புத்தர் சிலையைக் கொழுப்பிட்டு வேகவைத்த பலகாரத்தோடு ஒப்பிட்டார். ஹாவெலும் ஆனந்தரும் வேறு பல அறிஞரும் வெகுண்டெழுந்தனர். இந்தியா சங்கம் பிறந்தது. 1912-இல் சென்னையிலிருந்து வெளிவந்த சித்தாந்த தீபிகையில் சிவநடனக் கட்டுரை வெளியாயிற்று. தமிழ்ச் சைவ நூல்களை ஆதாரமாகக்கொண்டு எழுந்த அக்கட்டுரையே 1918-இல் நியூயார்க்கில் வெளிவந்த நூலுக்குத் தலைப்பைத் தந்தது. 2004-இல் ஜெனீவா அணு ஆராய்ச்சி நிலையத்தில் இந்தியா அளித்த நடராசர் சிலை நிறுவப்பட்டது. துகள்களைப் பிளந்து பார்க்கும் விஞ்ஞானிகளின் வாசலில் தில்லைக் கூத்தன் நிற்கிறான் என்றால், அவ்வழியை முதலில் வகுத்தவருள் ஆனந்தர் ஒருவர்.

ஆனால் உள்ளூர் மாடு விலை போகவில்லை! தாம் தேடிச் சேர்த்த அரும்பொருள்களைக் கொண்டு காசியில் ஒரு தேசியக் காட்சிச்சாலை அமைக்க அவர் விரும்பினார். நம் நாடு முன்வரவில்லை. 1917-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலை அவற்றைப் பெற்றுக்கொண்டது. அவரையும் சேர்த்தே அழைத்துக்கொண்டது. இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்தார்.

நான்கு திருமணங்கள்

இனிச் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன். பெரியோர் வரலாறு எழுதுவோர் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவர். நம் கேள்வியோ இங்கேதான் குடியிருக்கிறது.

ஆனந்தர் நான்கு முறை மணம் செய்துகொண்டார். நால்வரும் வேற்று நாட்டார். ஒருவர்கூடத் தமிழ்ப்பெண் அல்லர். எதெலுடன் வாழ்ந்த இல்லறம் பத்தாண்டுகளுக்குள் முறிந்தது. இரண்டாம் மனைவி ஆலிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலப் பாடகி. கணவருடன் காஷ்மீரத்துக்கு வந்து, முறையாக இந்துஸ்தானி இசை பயின்று, இரத்தன் தேவி என்ற பெயருடன் இலண்டனிலும் நியூயார்க்கிலும் தம்புரா மீட்டிப் பாடினார். அவர் தொகுத்த பஞ்சாப், காஷ்மீரப் பாடல்களின் நூலுக்குத் தாகூரே முன்னுரை தந்தார். இரண்டு குழந்தைகள் பிறந்தன. அந்த மணமும் நிலைக்கவில்லை. மூன்றாமவர் ஸ்டெல்லா பிளாக். நடனமும் ஓவியமும் வல்ல அமெரிக்க நங்கை. ஆனந்தரைவிட இருபது வயது இளையவர். 1922-இல் மணம், 1930-இல் பிரிவு. அவ்வாண்டிலேயே அர்ஜென்டினாவைச் சேர்ந்த லூயிசா ரன்ஸ்டீன் என்னும் புகைப்படக் கலைஞரை மணந்தார். இந்த இல்லறம் இறுதிவரை நின்றது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்து நீதம் என்னும் ஊரில், எழுபது வயது நிரம்பிய பதினெட்டாம் நாள், ஆனந்தர் மறைந்தார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் திரும்பி, இமயத்தின் அடியில் இறுதி நாட்களைக் கழிக்க எண்ணியிருந்தார். தந்தையைப்போலவே மகனும் கடலைக் கடக்குமுன் காலத்தைக் கடந்துவிட்டார்!

அவரைப் பழிக்க நான் யார்? இருபத்து மூன்று வயதில் ஒரு பெண்ணிடம் ஒழுங்காக ஓர் உண்மை சொல்லத் தெரியாதவன். ஆயினும் ஒன்று எனக்குத் தோன்றுகிறது. எதெல் அவரைப் பிரிந்த பிறகும் நெசவைப் பிரியவில்லை. இலங்கையில் பிடித்த நூலை விடாமல், சாயச் செடிகளை ஆராய்ந்து, 1916-இல் தாவரச் சாயங்கள் பற்றி நூல் எழுதினார். எதெல் மைரே என்ற பெயரில் ஆங்கில நாட்டுக் கைத்தறியின் தாயாகவே பிற்காலத்தில் போற்றப்பட்டார். இரத்தன் தேவி குரலில் அந்நாட்டு இராகங்கள் குடியேறின. அயல்நாட்டின்மேல் கொண்ட மயக்கத்தைக் கல்வியாக மாற்றியவர்கள் அப்பெண்கள். கணவன் மனைவி என்ற கயிறு அறுந்தது, கற்றது அறவில்லை. மயக்கம் மணத்தைத் தரலாம். அதை நிலைநிறுத்தப் பிறிதொன்று வேண்டும். அந்தப் பிறிதொன்று என்ன?

விஞ்ஞானம் சொல்வது

நான் விஞ்ஞான மாணவன். ஆகையால் இதையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பின்லாந்து அறிஞர் வெஸ்டர்மார்க் 1891-இல் ஒரு கருத்தை வெளியிட்டார். குழந்தைப் பருவத்தில் ஒரே வீட்டில் வளர்ந்தவரிடையே, பெரியவரான பின் காதல் எழுவதில்லை என்பது அது. தைவான் தீவில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. சிறு பெண்குழந்தையை வாங்கி வந்து, வருங்காலக் கணவனோடு உடன் வளர்த்து, பின்னர் மணமுடிப்பார்கள். ஆர்தர் உல்ஃப் என்பவர் அத்தகைய மணங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் பிள்ளைப்பேறு குறைவு, மணமுறிவு மிகுதி என்று கண்டார். திரினிதாத் ஓடைகளில் வாழும் கப்பி மீன்களிலும், அரிய நிறம் வாய்ந்த ஆண் மீனுக்கே துணை எளிதில் கிடைக்கிறது. புதுமையை நாடுவது உயிர்களின் இயல்புகளில் ஒன்று போலும்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1968-இல் சையான்ஸ் என்ற உளவியலறிஞர், பொருளற்ற குறிகளைக்கூடத் திரும்பத் திரும்பக் காட்டினால் மக்கள் அவற்றை விரும்பத் தொடங்குகிறார்கள் என்று காட்டினார். அப்படியானால் பழக்கம் புளிக்கிறதா, இனிக்கிறதா? இரண்டும் உண்மையே. புதுமை ஏக்கத்தைத் தூண்டுகிறது. பழக்கம் பற்றை வளர்க்கிறது. ஏக்கம் வேறு, பற்று வேறு.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். அகப்பாடல்களில் தலைவன் பெரும்பாலும் வேற்றூரான். வேட்டை விலங்கைத் தேடி வந்தவன்போல் தினைப்புனத்தருகே வந்து நிற்பான். வள்ளியிடம் முருகனும் வேடனாகவே வந்தான். இல்லத்தில் வழங்கும் முறை மணத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மாமன் மகள் உறவுதான். ஆனால் வேறு வீட்டில், பல நேரம் வேறு ஊரில், வளர்ந்தவள். பாதி உறவு, பாதி அயல்!

என் அத்தையிடமும் கேட்டேன். முப்பது ஆண்டுகளுக்குமுன் மணப்பெண்ணாக ஸ்ரீராம்புரம் வந்தவர் அவர். வந்த முதல் வருடம் பெங்களூரே அவருக்கு அழகாக இருந்ததாம்; குழாயடியில் பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாளோடு குடத்துக்காகச் சண்டை போட்ட பிறகுதான் அது தம் ஊராயிற்றாம். இன்று அவ்வம்மாளுக்குக் காய்ச்சல் என்றால் இவர் வீட்டில் கஞ்சி கொதிக்கிறது. வெஸ்டர்மார்க்கையும் சையான்ஸையும் படித்து நான் தெரிந்துகொண்டதை, அத்தை குழாயடியிலேயே தெரிந்துகொண்டிருக்கிறார்.

என் கணக்கு

நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். சோழன் கதை என் கற்பனை என்றேன். அவளுக்கு அது முன்பே தெரியும் என்பதே எனக்குக் கிடைத்த தண்டனை. சிரித்துவிட்டு, இனி அரைகுறையாகத் தெரிந்தாலும் தெரிந்ததை மட்டும் சொல் என்ற பொருளில் ஏதோ கன்னடத்தில் சொன்னாள். அதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இப்பொழுது கன்னட எழுத்துக் கற்கிறேன். இரண்டாண்டுகளாக அவள் கண்ணில் தெரிந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எந்தக் கவிஞரை விரும்பிப் படிக்கிறாள், எதற்காக நிலவியலைத் தேர்ந்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்பொழுதுதான் உறைத்தது.

சென்ற மார்கழியில் ஊருக்குப் போனேன். எனக்கு உரியவள் என்று அம்மா ஜாடையாகச் சொல்லிவரும் மாமன் மகளும் ஆருத்திரா தரிசனத்துக்கு வந்திருந்தாள். ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். அவளைப்பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்பது என் எண்ணம். ஆகவே அவளைப் பற்றி நான் எண்ணியதே இல்லை. விடியற்காலை அபிஷேகம் பார்த்துக் கூட்டத்தில் ஒதுங்கி நின்றபோது, புதிதாகக் கற்ற பெருமையில், ஐந்தொழிலையும் அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, வலக்காதிலும் இடக்காதிலும் கூத்தனுக்கு வெவ்வேறு அணி, ஒன்று ஆணின் குழை, மற்றது பெண்ணின் தோடு, அதை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டாள். சிறுமியாக இருந்தபோதே அபிஷேகத்தின்போது கவனித்திருக்கிறாள். நான் வாயடைத்து நின்றேன். ஆனந்தரின் கட்டுரையிலும் அது இருக்கிறது. என் கண் அவ்வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது!

நண்பர்களே, தோரியனைட் நினைவிருக்கிறதா? தெரிந்த கனிமம் என்று எடுத்து வைத்தது, பகுத்துப் பார்த்தபோது உலகறியாத புதுமையாக இருந்ததே! அதுபோல்தான் மனிதரும். அயலவர் அழகாகத் தோன்றுவது, அவரை அறியவில்லை என்று நமக்குத் தெரிவதால். உள்ளூரார் மங்கித் தோன்றுவது, அவரை அறிந்துவிட்டோம் என்று நாம் நம்புவதால். முன்னதில் அறியாமை நமக்குத் தெரிகிறது, பின்னதில் தெரிவதில்லை. இரண்டிடத்தும் காலடியில் முயலகன்தான் கிடக்கிறான்.

நான் யாரை மணப்பேன் என்று கேட்காதீர்கள்; முதலில் ஆய்வேட்டை முடிக்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு விருப்பம் இருக்கிறது. என் நெஞ்சுக்கு ஒன்று இருக்கிறது. அவ்விருவர் நெஞ்சிலும் என்ன இருக்கிறது என்று நான் இன்னும் கேட்கவே இல்லை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். நாம் எல்லோரும் இந்நகரில் அயலாராக வந்திருக்கிறோம். அந்தப் புதுமை நமக்குச் சில நாள் ஒளி தரும். அவ்வொளியை நம் தகுதி என்று எண்ணி ஏமாற வேண்டாம். ஆனந்தர் கண்டி மலைகளில் செய்ததை நாமும் செய்வோம்: அயலாரைச் சுற்றத்தாரைப்போல் பொறுமையாக அறிவோம், சுற்றத்தாரை அயலாரைப்போல் வியந்து பார்ப்போம். அதன் பின் பிறக்கும் காதல், ஸ்ரீராம்புரத்தில் பிறந்தாலும் சிதம்பரத்தில் பிறந்தாலும், பொய் சொல்லிக் காக்க வேண்டியதாக இராது.